இருபத்திரண்டு கேரட்டா, நைன் ஒன் சிக்ஸா?

என் தாலிக்கொடி வாங்க சிராங்கூன் சாலை நகைக்கடைக்குப் போனோம். அப்பா, "நைன் ஒன் சிக்ஸ் தங்கம்தான் எடுக்கணும்லா" என்றார். தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த வருங்கால மாமியாரோ, "நம்பரெல்லாம் எனக்குத் தெரியாது சம்பந்தி, எங்க வழக்கத்துல இருபத்திரண்டு கேரட்தான்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பேச்சு முற்றி, கல்யாணத்தையே தள்ளிவைக்கலாம் என்று வந்தபோது எனக்குப் பொறுக்கவில்லை.

"ஐயோ, ரெண்டும் ஒண்ணுதான்! ஆயிரம் பங்குல தொள்ளாயிரத்துப் பதினாறு தங்கம், மிச்சம் செம்பு, வெள்ளி. அதுக்குப் பேருதான் இருபத்திரண்டு கேரட்!" என்று கத்தினேன்.

"பெரியவங்க முன்னால இப்படியா கத்துறது?" என்று இருவரும் சேர்ந்து என்னைத் திட்டினார்கள். அன்று அவர்கள் முதன்முதலாக ஒத்துப்போனது அதில்தான். திட்டி முடித்த கையோடு, ஒன்றாகவே உட்கார்ந்து கொடியைத் தேர்ந்தெடுத்தார்கள்.

சுத்தத் தங்கம் நெளிந்துவிடும். கொஞ்சம் செம்பு சேர்ந்தால்தான் நகை உறுதியாக நிற்கும். எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் அந்தச் செம்பு நான்தான் போலிருக்கிறது.