எமகண்டத்தில் முதல் ஆட்டம்

டோர்செட் பார்க்கில் வசித்த கமலாம்பிகை, ஒரு கல்லூரிக் கன்டீனில் சமையல் வேலை செய்தார். அந்தக் கல்லூரி ஃபுட்போல் அணி போன வருடம் எல்லா ஆட்டத்திலும் தோற்றது. ஆனாலும் அவர் ஒன்றையும் தவறவிடவில்லை. தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆட்ட அட்டவணை வந்ததும், தமிழ்க்கடைக் கலண்டரோடு ஒப்பிட்டுப் பார்த்தார். முகம் கறுத்தது.

கணவர் சச்சிதானந்தன் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "முதல் மட்ச் சனிக்கிழமை ஒண்டரைக்கு. சரியான எமகண்டம். உம்மடை பெடியள் இந்த முறையும் தோக்கத்தான் போறாங்கள்."

கமலாம்பிகைக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"போன வருசம் எல்லா மட்சும் நல்ல நேரத்திலைதானே தொடங்கினது. ஒண்டிலையாவது வெண்டவங்களே? எமகண்டத்தையும் ஒருக்காப் பாப்பம்."

சொன்ன கையோடு, ஆட்டம் பார்க்க அந்தச் சனிக்கிழமைக்கு லீவு கேட்டு மனேஜருக்குப் போன் எடுத்தார்.