பன்னிரண்டு மாதமும் நான்

சினிமா வாய்ப்புத் தேடிப் போகிறவன் நாலைந்து புகைப்படங்களை ஒரு ஆல்பத்தில் செருகிக்கொண்டு போவான். நான் காலண்டர் அடித்துக்கொண்டு போனேன். திருத்தங்கலில் பிறந்தவனுக்குத்தான் இப்படி ஒரு புத்தி வரும். கல்யாணமோ கடைத் திறப்போ, எங்கள் ஊரில் முதலில் 'அச்சடிச்சிருவோம்' என்பார்கள். யோசிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடங்கள் ஆகியிருந்தன. அப்பா ஒரு பிரஸ்ஸில் கட்டிங் மிஷின் ஓட்டினார். மார்கழியில் சீசன் ஓயும் நேரம் பார்த்து, முதலாளியிடம் கேட்டு, மிஞ்சிய தாளில் இருநூறு காலண்டர் போட்டுத் தந்தார். மாதத்துக்கு ஒரு வேடம். ஜனவரியில் போலீஸ், பிப்ரவரியில் ரவுடி, மே மாதம் தலைப்பாகை கட்டிய விவசாயி, ஆகஸ்டில் கண் தெரியாத பிச்சைக்காரன். உடுப்பெல்லாம் மதுரையில் நாடகக்காரர்களுக்கு வாடகைக்கு விடும் கடையில் எடுத்தது. காலண்டர் கட்டுகளை வெட்டி முடித்ததும் அப்பா ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"கலர் நல்லா ஏறியிருக்குலே" என்றார். என் முகபாவத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சென்னையில் சாலிகிராமம், வடபழனி என்று ஒரு கம்பெனி விடாமல் ஏறி இறங்கினேன். காலண்டரை எல்லாரும் சந்தோஷமாக வாங்கி உடனே ஆணியில் மாட்டினார்கள். வினையே அதுதான். ஆல்பமாக இருந்தால் ஒரு தடவையாவது முகத்தைப் பார்த்திருப்பார்கள். காலண்டரில் ராகு காலம் பார்த்தார்கள், கேஸ் சிலிண்டர் வந்த தேதியை வட்டமிட்டார்கள். ஒரு மேனேஜர் மேலும் கீழும் என்னைப் பார்த்தபோது நிமிர்ந்து நின்றேன்.

"சிவகாசிப் பக்கமா தம்பி? அப்போ தீபாவளிக்கு வெடி வருமில்ல?" என்றார்.

வந்தது. மூன்று தீபாவளிக்கு வந்தது. நடிக்கப் போனவனுக்கு அந்தத் தெருவில் பட்டாசுத் தம்பி என்று பெயர். ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க என்பது என்னைப் பார்த்துச் சொன்னதுதான். கூழைக்கும்பிடு போட்ட அந்த நாட்களை நினைத்தால் இன்றும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

மூன்றாவது தீபாவளி முடிந்ததும் ஓர் உதவி இயக்குநருக்கு மனம் இளகியது. கதாநாயகன் வீட்டு வேலைக்காரன் வேடம். ஒரே ஒரு வசனம்: "அண்ணே, வண்டி வந்துருச்சு."

அதை நாற்பது விதமாகச் சொல்லிப் பழகினேன். பயந்து சொன்னேன், கண்கலங்கிச் சொன்னேன், மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னேன். படப்பிடிப்பில் இயக்குநர் ஆறு டேக் எடுத்தார். ஒவ்வொரு தடவையும், "நடிக்காதப்பா, சும்மா சொல்லு" என்றார். எனக்குச் சும்மா சொல்ல வரவில்லை. ஆறாவதில் அலுத்துப்போய், சரி, போகட்டும் என்று விட்டுவிட்டார்.

படம் வெளியாகப் போகிறது என்று எஸ்டிடி பூத்திலிருந்து வீட்டுக்குப் போன் செய்தேன். வசனம் என்னவென்று சொல்லவில்லை. தியேட்டரில் கேட்கட்டும் என்றிருந்தேன். அப்பா சீசனில் லீவு போட்டு நான் பார்த்ததே கிடையாது. படம் வந்த அன்றைக்குப் போட்டார். நானும் சென்னையிலிருந்து வந்திருந்தேன். விருதுநகரில் மேட்னி ஷோ. அப்பாவும் அம்மாவும் என் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள்.

என் காட்சி இடைவேளைக்கு முன்னால். கதாநாயகன் கண்ணாடி முன் சட்டையைச் சரிசெய்தார். இருக்கையில் நான் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் திரும்பினார், மாடிப்படி இறங்கினார், காரில் ஏறிப் போய்விட்டார். யாரும் சொல்லாமலே அவருக்கு வண்டி வந்தது தெரிந்துவிட்டது.

இடைவேளைக்குப் பிறகு ஒரு காட்சியில் அவர் சுவரில் சாய்ந்து அழுதார். அவர் தோளுக்குப் பின்னால், மூன்று வருடப் பழைய மே மாதத்தில், தலைப்பாகையோடு நான் தொங்கிக்கொண்டிருந்தேன். பாதி முகம்தான் தெரிந்தது.

அப்பா எழுந்தே விட்டார். "ஏலே, அங்கன பாருலே, நம்ம காலண்டரு!"

பின்வரிசையில் சிரித்தார்கள். "உக்காருங்க பெரியவரே, மறைக்குது" என்று ஒரு குரல். அப்பாவும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்து என் தொடையில் தட்டினார். அந்த நிமிடத்தில் அவரை வெறுத்தேன். எந்தப் பாவமும் அறியாத மனிதரை அப்படி வெறுத்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

படம் முடிந்து பஸ்ஸுக்கு நின்றோம். வெயில் இன்னும் தாழவில்லை. அம்மாதான் மெதுவாகக் கேட்டாள்.

"ஏய்யா, பேசுறேன்னு சொன்னியே, எங்கனய்யா பேசுன?"

"வெட்டிட்டாங்கம்மா" என்றேன்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்பா ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் சிவகாசி பஸ் திரும்புவது தெரிந்தது. செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"லே, வண்டி வந்துருச்சு."

பயம் இல்லை, கண்கலங்கல் இல்லை, மூச்சிரைப்பு இல்லை. ஆறு டேக்கிலும் அந்த இயக்குநர் என்னிடம் கேட்டது இதைத்தான்.

ஏறி உட்கார்ந்தேன். மறுநாள் காலையில் அப்பாவோடு பிரஸ்ஸுக்குப் போனேன். சீசன் என்பதால் அங்கே ஆள் தேவைப்பட்டது.