பத்தரைக்கு முன்னால் மூடிய இன்ஜின்

சேரன்மகாதேவிப் பட்டறையில் நான் பார்த்த மெக்கானிக் ஒல்லியான மனிதர். இன்ஜினைத் தொடுமுன் வெள்ளைக் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொள்வார். தொட்ட பிறகு துடைக்கமாட்டார்.

என்னுடையது நானே பிரித்துக் கட்டிய பழைய லாரி. மணிமுத்தாறு மலைக் கோயில் கொடைத் திருவிழாவுக்கு எங்கள் குடும்பத்தார் இருபது பேர் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். வழியில் இன்ஜினுக்குள் ஏதோ தட்ட ஆரம்பித்தது. சின்னச் சத்தம்தான் என்று அவர்களிடம் சொன்னேன். சேரன்மகாதேவிப் பட்டறையைப் பார்த்ததும் லாரியை உள்ளே திருப்பினேன்.

மெக்கானிக் நீண்ட ஸ்குரூடிரைவரை ஓடிக்கொண்டிருந்த இன்ஜினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடினார். பிறகு இன்ஜினை நிறுத்தச் சொன்னார்.

"எல்லாரையும் பைய எறக்கும்வே."

இறக்கினேன்.

"இன்ஜினை என்னைக்கு மூடினீரு?"

"வெள்ளிக்கிழமை அண்ணாச்சி. பத்தரைக்கு முன்னால."

"ராகுகாலம் வந்துரும்னு அவசரப்பட்டீரோ?"

சத்தத்தில் அதுகூடக் கேட்குமா என்று இன்றும் எனக்குப் புரியவில்லை. அந்த வெள்ளிக்கிழமை பூஜைத் தேங்காயோடு ஆட்கள் காத்திருந்தார்கள். கடைசி நட்டை முறுக்கினேனா என்பது மட்டும் நினைவில்லை.

வண்டிக்கடியில் படுத்து ஆயிலை வடித்து, அடித்தொட்டியைக் கழற்றிவிட்டு என்னையும் கூப்பிட்டார். ஆறு பிஸ்டன்களில் கடைசியானதன் ராடைப் பிடித்திருந்த நட்டு அவருடைய இரண்டு விரலுக்கே சுழன்றது. மலை வளைவில் அது கழன்றிருந்தால் இன்ஜின் உடைந்திருக்கும்.

அவர் திட்டவில்லை. கைக்குட்டையை என்னிடம் நீட்டினார்.

"மத்த அஞ்சையும் நீரே தொட்டுப் பாரும்வே."

வெளியே தங்கையின் பிள்ளைகள் சிரிப்பது கேட்டது. விரல்களைத் துடைத்தேன். மறுபடி துடைத்தேன். கை நட்டுகளை நோக்கி எழவில்லை.