தயா அக்காவின் நத்தை ஓட்டு மீன்கள்

தயா அக்காவின் மீன்கள் என் சுண்டுவிரல் அளவுகூட இல்லை. உடம்பில் மெல்லிய கபிலக் கோடுகள். ஆபிரிக்காவில் ஏதோ ஒரு பெரிய ஏரியின் அடியில், செத்த நத்தைகளின் ஓடுகளுக்குள் குடியிருக்கும் சிக்லிட் இனம். ஒவ்வொரு மீனுக்கும் ஓர் ஓடு. அதற்குள்ளேயே முட்டை, அதற்குள்ளேயே குஞ்சு. பயந்தால் எல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே போய்விடும். பிறகு தொட்டியில் மணலும் ஓடுகளும்தான் தெரியும்.

அச்சுவேலியில் எங்கள் ஒழுங்கையில் நான்கு வீட்டுக்கும் ஒரு பங்குக் கிணறு. நான் மருமகளாக வந்த வீட்டுக்கும் தயா அக்காவின் வீட்டுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலி. அதில் ஆள் குனிந்து போகக்கூடிய ஒரு பொட்டு இருந்தது.

அவருடைய முழுப்பெயர் தயாளினி. வயது நாற்பத்தொன்று. கல்யாணம் செய்யவில்லை. சந்தியில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் பதினொரு வருடம் வேலை செய்தார். கடையை மூடும்போது முதலாளி, மேசையில் இருந்த கண்ணாடித் தொட்டியை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். அப்படித்தான் தொடங்கியது. முதலில் வாங்கிய நிறநிறமான சிக்லிட்டுகள் முட்டையிட்டன, ஒன்றும் பொரிக்கவில்லை. எங்கள் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர்; கேத்திலின் அடியில் வெள்ளையாய்ப் படியும். இந்தத் தண்ணீருக்குச் சரிவரும் மீன் எது என்று ஒரு வருடம் போனில் தேடித்தான் நத்தை ஓட்டு மீனைக் கண்டுபிடித்தார். கொழும்பிலிருந்து ஆறு மீன்கள் வந்தன. ஓடுகளை வயல் வாய்க்காலில் பொறுக்கி, அவித்துக் கழுவிப் போட்டார். இரண்டு வருடத்தில் ஆறு இருபத்தைந்தாகிவிட்டது.

அவற்றை வாங்க ஆள் கிடைக்கவில்லை என்பதுதான் பிரச்சினை. அவருடைய தமையன் பிரகாஸ் அண்ணை முன்னறையை டியூஷன் வகுப்புக்குக் கொடுக்க நினைத்திருந்தார். பிள்ளைகள் இருக்கும் வாங்கு போடுவதற்கு அளவு ரேப்பால் அளந்தும் வைத்துவிட்டார்.

"நிருஷன் வந்து பாக்கட்டும். அவனும் எடுக்காட்டி தொட்டியைக் கழுவிக் கவிட்டு வை" என்றார்.

நிருஷன் கொடிகாமத்துப் பெடியன். வீடுவீடாக மீன் எடுத்துக் கொழும்புக்கு ஏற்றுகிறவன். சனிக்கிழமை ஒன்பது மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தான்.

அந்த வாரம்தான் மழைவெள்ளம் வடிந்திருந்தது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணியளவில் சுகாதாரப் பகுதிக்காரர் மூன்று பேர் வாளியோடு வந்து, பங்குக் கிணற்றுக்குக் குளோறின் போட்டார்கள். அப்போது தயா அக்கா வீட்டில் இல்லை. மீன் கட்டும் பொலித்தீன் பை வாங்கச் சந்தைக்குப் போயிருந்தார்.

"நாளைக்கு இந்த நேரம் வரைக்கும் ஒருத்தரும் இந்தத் தண்ணியைப் பாவிக்கக் கூடாது. எல்லா வீட்டுக்கும் சொல்லிப்போடுங்கோ ஐயா" என்றார் அவர்களில் ஒருவர்.

"ஓமோம், நான் சொல்லுறன்" என்றார் என் மாமனார் பொன்னம்பலம். அந்த நேரம் பார்த்து, கத்தரிக்காய் ஏற்ற லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வந்து நின்றது. மாமா அதில் ஏறி மருதனார்மடம் சந்தைக்குப் போய்விட்டார். ஏற முன்னர் பிரகாஸ் அண்ணையிடமாவது சொல்லியிருப்பார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பின்னேரம் மூன்று மணிக்குத் தயா அக்காவின் தண்ணீர் மோட்டர் ஓடும் சத்தம் கேட்டது. நான் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். குடத்துக்கு நிரப்புவதென்றால் இரண்டு நிமிடத்தில் நின்றுவிடும். அது நிற்கவில்லை. சுளகைப் போட்டுவிட்டு, ஏழு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு பொட்டுக்குள்ளால் நுழைந்தேன்.

"அக்கா! மோட்டரை நிப்பாட்டுங்கோ! கிணத்துக்கு மருந்து போட்டிருக்கு!"

அவர் கையில் குழாய். தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு புதுத் தண்ணீர் ஏறிவிட்டது. மற்ற நாட்களில் தண்ணீரை ஒரு நாள் பரலில் பிடித்து வைத்துத்தான் மாற்றுவார். வெள்ளம் பரலுக்குள்ளும் புகுந்ததால் அதைக் கவிழ்த்துக் காயவைத்திருந்தார். நாளைக்கு ஆள் வரும்போது கண்ணாடி பளிச்சென்று இருக்கவேண்டும் என்று நேரே குழாயைப் போட்டுவிட்டார். தடிமன் பிடித்து மூக்கு அடைத்திருந்ததால் மணமும் தெரியவில்லை.

"ஆர் போட்டது? எப்ப?"

"காலமை. மாமா சொல்லேல்லையோ?"

அவர் மோட்டரை நிறுத்தினார். தொட்டியில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து சுழன்றது. பிறகு ஒவ்வொன்றாய்க் கீழே இறங்கி ஓட்டுக்குள் போயின. ஒரு நிமிடத்துக்குள் மணலும் ஓடுகளும்தான் தெரிந்தன.

தயா அக்கா போனை எடுத்தார். பிரகாஸ் அண்ணை குறுக்கே வந்து நின்றார்.

"ஆருக்கு எடுக்கிறாய்?"

"நிருஷனுக்கு. வேறை ஆரைக் கேக்கிறது?"

"உனக்கென்ன விசரோ? நாளைக்கு எடுக்க வாறவனிட்டையே மீனுக்கு நஞ்சு வைச்சிட்டனெண்டு சொல்லப்போறியோ? அவன் இந்தப் பக்கமே வரமாட்டான்."

"செத்த மீனை எடுக்க மட்டும் வருவானோ? விலகு அண்ணை."

எதையும் மறைக்காமல் சொன்னார். பிறகு நிருஷனின் குரல் எனக்கும் கேட்டது.

"அக்கா, விற்றமின் சி குளிசை இருக்கோ? அரைச்சுக் கரைச்சு மெல்ல மெல்ல ஊத்துங்கோ. குளோறினை முறிக்கும். காத்தைக் கூட்டி விடுங்கோ. ஓட்டை மட்டும் தொடவேண்டாம்."

பார்மசிக்குப் போய்வர அரை மணித்தியாலம் ஆகும். எனக்குக் கிளினிக்கில் தந்த பை நினைவுக்கு வந்தது. அதில் இரும்புச்சத்துக் குளிசையோடு விற்றமின் சியும் இருந்தது. நான் பொட்டுக்குள்ளால் திரும்பிப் போய் அதை எடுத்துவந்தேன். இருபது குளிசையை அம்மியில் வைத்து அரைத்தோம். தயா அக்கா அதைச் சட்டியில் கரைத்து, கரண்டி கரண்டியாக விட்டார். ஒரு துளியும் வெளியே சிந்தவில்லை.

அப்போதுதான் மாமா என்னைத் தேடி வந்தார்.

"சாருஜா, உதென்ன? கறிக்கும் உதவாத மீனுக்கு என்ரை பேரப்பிள்ளையின்ரை குளிசையோ?"

தயா அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை. "கிணத்துக்கு மருந்து போட்டவையாம், ஐயா" என்று மட்டும் சொன்னார்.

மாமா நின்ற இடத்திலேயே நின்றார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"நானெல்லோ சொல்லாமல் போனது, பிள்ளை."

தயா அக்கா அடுத்த கரண்டியை ஊற்றினார்.

உயிரோடு இருக்கிற மீனும் ஓட்டுக்குள், செத்த மீனும் ஓட்டுக்குள். எது எதுவென்று தெரியாது. பொழுதுபடும்வரை ஒன்றும் வெளியே வரவில்லை.

விடிய நான் போனபோது பதினேழு மீன்கள் மணலின் மேல் நின்றன. ஏழு செத்து மிதந்தன. மூக்குடைந்த ஓடு ஒன்று மூலையில் கிடந்தது. முதல் வந்த ஆறில் மிஞ்சிய ஒரே பெட்டை மீனின் வீடு அது. தொட்டியில் பொரித்த குஞ்சில் பாதிக்கு மேல் அதன் குஞ்சுதான். அந்த ஓட்டில் அசைவில்லை.

ஒன்பது மணிக்கு நிருஷன் மீன் ஏற்றும் வெள்ளை றெஜிபோம் பெட்டியோடு வந்தான். பிரகாஸ் அண்ணை கதவடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நிருஷன் தொட்டிக்கு முன்னால் குந்தியிருந்து வெகுநேரம் பார்த்தான்.

"மூலையிலை கிடக்கிறதை எடுத்துக் குலுக்கிப் பாப்பமோ? செத்திருந்தால் தண்ணி பழுதாப்போம்."

"வேண்டாம் தம்பி. உள்ளை குஞ்சு இருக்கு. குலுக்கினால் தாயும் இல்லை, குஞ்சும் இல்லை."

"இல்லாமல் போயிருந்தால்?"

"அஞ்சு நிமிசம் பாருங்கோ."

அஞ்சு நிமிடம் போய்விட்டது. நிருஷன் மணிக்கூட்டைப் பார்த்தான். தயா அக்கா கண்ணாடியில் நெற்றி முட்டும் அளவுக்குக் குனிந்திருந்தார். மூக்குடைந்த ஓட்டின் வாயிலிருந்து ஒரு சிட்டிகை மணல் வெளியே பறந்தது. இன்னொரு சிட்டிகை. பிறகு அந்த மீன் தலையை நீட்டி, வாய் நிறைய இருந்த மணலைத் துப்பிவிட்டு உள்ளே போனது. வீடு கூட்டுகிறதாம்.

"இருக்குது" என்றார் தயா அக்கா.

நிருஷன் எழும்பிப் பெட்டியை மூடினான்.

"இண்டைக்கு ஒண்டும் ஏத்தேலாது அக்கா. மருந்து பட்ட மீன். வழியிலை செத்துதெண்டால் என்ரை பேர்தான் கெடும்."

"நான் அப்பவே சொன்னனான்" என்றார் பிரகாஸ் அண்ணை.

"என்ன சொன்னனீங்கள் அண்ணை? மறைக்கச் சொல்லியோ?" நிருஷன் சிரித்தான். "இவ போன் எடுத்திராட்டி, நான் இண்டைக்கு ஏத்தி, மற்ற ஆக்களின்ரை மீனோடை கலந்து, எல்லாம் போயிருக்கும். மூண்டு கிழமையாலை வாறன் அக்கா. அதுக்கிடையிலை வேறை ஆருக்கும் குடுக்காதேங்கோ."

பிரகாஸ் அண்ணை தங்கையைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். "மூண்டு கிழமை எண்டால் மூண்டு கிழமைதான்" என்றுவிட்டு ரேப்பை எடுத்துக்கொண்டு விறாந்தைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் அங்கே ரேப் இழுபடும் சத்தம் கேட்டது.

மூன்று வாரம் கழித்து, சொன்ன நாளில் நிருஷன் வந்து பதினான்கு மீன்களை எடுத்துப் போனான். இப்போது வகுப்பு விறாந்தையில் நடக்கிறது. கிணற்றுக்கு மருந்து போட்டால் கப்பியில் சிவப்புத் துண்டு கட்டவேண்டும் என்று நான்கு வீட்டாரும் பேசி முடிவெடுத்தார்கள். முதல் துண்டு மாமாவுடையது.

அடுத்த கிளினிக்கில், குளிசை ஏன் இவ்வளவு கெதியில் முடிந்தது என்று மருத்துவமாது கேட்டார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இன்னொரு பை தந்தார்.