சார்ஜென்ட் வேஷம்

லெனார்ட் சக்டனுக்கு நான் இருபது வருடம் அடி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஹாலிஃபாக்ஸ் நாடகக் கொட்டகையில் திரை ஓரம் உட்கார்ந்து, நடிகர்கள் வசனம் மறந்தால் முணுமுணுப்பது என் வேலை. லென்னுக்கு அது அனேகமாகத் தேவைப்பட்டதே இல்லை. சமையல்காரர், போலீஸ்காரர், பிணப்பெட்டி செய்கிறவர் என்று பத்து நிமிடம் வந்து போகிற வேஷங்கள்தான். ஆனால் ஜனங்கள் வீட்டுக்குப் போகும்போது அவரைப் பற்றித்தான் பேசிக்கொண்டு போவார்கள்.

இரண்டாம் உலகச் சண்டை தொடங்கியபோது அவர் துப்பாக்கி தூக்க மறுத்தவர். கொல்வது பாவம் என்று தேவாலயத்தில் சொல்லிக்கொடுத்ததை அப்படியே நம்பியிருந்தார். ஆறு மாதம் சிறை. அதன்பின் ஆஸ்பத்திரியில் பிணம் சுமக்கும் வேலை. அதே வருடம் பட்டாளத்துக்குப் போயிருந்த, அவர் மனைவி மேவிஸின் தம்பி டன்கர்க் கடலில் மூழ்கிப் போனான். மேவிஸ் அவரை விட்டுப் போகவில்லை. அந்தப் பேச்சையும் எடுத்ததில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றில் லண்டனிலிருந்து சினிமா எடுக்கிறவர் ஒருவர் வந்து நாடகம் பார்த்தார். லென்னின் கனத்த தாடையும் கரகரத்த குரலும் அவருக்குப் பிடித்துவிட்டன. யுத்தப் படத்தில் சார்ஜென்ட் வேஷம் கொடுத்தார். பையன்களை அதட்டிக்கொண்டே அவர்களுக்காகச் சாகிற சார்ஜென்ட். படம் ஓடியது. ஐந்து வருடத்தில் எட்டுப் படம், எட்டிலும் சார்ஜென்ட்தான்.

ஊரில் சாராயக்கடைக்குள் நுழைந்தால், "சார்ஜென்ட் வர்றார், எந்திரிங்கடா" என்பார்கள். அவர் சிரித்து வைப்பார். வெளியூரிலிருந்து புதிதாகக் குடிவந்தவர்களுக்கு அவர் கதை தெரியாது. தெரிந்தவர்கள் மறந்துவிட்ட மாதிரி இருந்தார்கள்.

ஐம்பத்தெட்டு நவம்பரில் முன்னாள் படைவீரர்கள் விருந்துக்கு அவரைத் தலைமை விருந்தாளியாகக் கூப்பிட்டார்கள். நானும் மேவிஸும் போயிருந்தோம். ஆட்டிறைச்சியும் வேகவைத்த முட்டைக்கோஸும் முடிந்தபிறகு, ஆர்கெரோய்ட் என்ற வயதான நெசவாலைத் தொழிலாளி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மகனை இத்தாலியில் பறிகொடுத்தவர்.

"ஒண்ணு சொல்லணும் சார்ஜென்ட். என் பையன் கடைசியில எப்படிப் போனான்னு யாரும் சொல்லல. உங்க படம் பாத்தப்புறம், உங்கள மாதிரி ஒருத்தர் அவன் பக்கத்துல இருந்திருப்பார்னு நெனச்சுக்குவேன். இப்பதான் தூக்கமே வருது."

லென்னின் கை மேசை விரிப்பைப் பிடித்துக் கசக்கியது. அவர் எழுந்தார். பேசப்போகிறார் என்று கூட்டம் அமைதியானது.

"நான் ஒரு நாள்கூடப் பட்டாளத்துல இருந்ததில்ல. நீங்க சண்டை போட்டப்போ நான் ஜெயில்ல இருந்தேன். போகமாட்டேன்னு சொன்னதுக்காக. இத மறைச்சு உங்க சாப்பாட்ட சாப்பிட எனக்கு மனசு வரல."

யாரும் கத்தவில்லை. ஆர்கெரோய்ட் தன் நாற்காலியைச் சத்தமில்லாமல் தள்ளி வைத்துவிட்டு, தொப்பியைத் தேடி எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

பஸ்ஸில் மேவிஸ் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும் இடம் நெருங்கியபோது கேட்டாள்.

"உண்மைய யாருக்காகச் சொன்ன லென்? அந்த மனுஷனுக்காகவா, உனக்காகவா?"

"பொய்ய நம்பி அவர் தூங்கறாரே, மேவிஸ்."

"தூங்கட்டுமே. என் தம்பிய நெனச்சு நான் தூங்காம இருந்தப்போ எனக்கு அந்த மாதிரி பொய் ஒண்ணு கெடைக்கல."

மறுநாள் லென் ஆர்கெரோய்டின் வீட்டுக்குப் போனார். கதவு திறக்கவில்லை. அடுத்த ஞாயிறும் போனார். மூன்றாவது முறை பக்கத்து வீட்டுப் பெண், "அவருக்கு உங்களப் பாக்க வேண்டாமாம். கோபமில்லன்னு சொல்லச் சொன்னார்" என்றாள். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன் என்று லென் என்னிடம் சொன்னார்.

பத்திரிகையில் செய்தி வந்தது. லண்டனிலிருந்து படத்துக்குக் கூப்பிட்டு வரும் கடிதங்கள் நின்றன. எங்கள் கொட்டகையில் அவர் சமையல்காரராக மேடைக்கு வந்தபோது, பின்வரிசையிலிருந்து யாரோ அவமானப்படுத்தச் செப்புக் காசுகளை வீசினார்கள். அன்று முதல் தடவையாக அவர் வசனம் மறந்தார். நான் சொல்லிக் கொடுத்தேன். காதில் விழவில்லை. மறுபடி சொன்னேன்.

நான்கு வருடம் கழித்துத் தொலைக்காட்சியிலிருந்து அழைப்பு வந்தது. மறுபடி சார்ஜென்ட். போவாரா என்று நினைத்தேன். போனார்.

"எனக்கு வேற என்ன தெரியும், ஈடித்?" என்று என்னிடம் கேட்டார். மேவிஸ்தான் அவர் பெட்டியை அடுக்கிக் கொடுத்தாள்.

அறுபத்தொன்பதாம் வருடம் மாரடைப்பில் இறந்தார். பத்திரிகைகள் அவருடைய சார்ஜென்ட் சீருடைப் படத்தைப் போட்டன. வேறு படம் போடச் சொல்லி மேவிஸ் எழுதினாள். தங்களிடம் வேறு படம் இல்லை என்று பதில் வந்தது.