வத்தேகம மலைப் பள்ளியும் எனக்குத் தெரியாத பவளமும்

போன செவ்வாய்க்கிழமை வத்தேகமவுக்குப் போய் வந்தேன். ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. திருச்சியில் இருக்கும் தங்கச்சிக்கு அடுத்த மாதம் பிரசவம். அம்மா கூட இருக்க வேண்டும், அதற்குக் கடவுச்சீட்டு வேண்டும், அதற்கு அம்மா பிறந்ததற்கு ஒரு தாள் வேண்டும். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், அதாவது லயத்தில், பிறந்த அம்மாவுக்குப் பிறப்புப் பதிவே இல்லை. உத்தேச வயதுச் சான்றிதழ் கேட்டுப் போனால், படித்த பள்ளியில் பிள்ளைகளைச் சேர்த்து எழுதும் பதிவேட்டில், சேர்வு இடாப்பில், பெயர் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும் என்றார்கள். அம்மாவோ, "அதெல்லாம் இருக்காது, போகாத" என்று ஒரே பிடிவாதம். ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றினார். நானும் அம்மாவின் பிள்ளைதானே, கிளம்பிவிட்டேன்.

கண்டியில் காலை 7.10 பஸ். வத்தேகமவுக்குப் பதின்மூன்று கிலோமீட்டர், முக்கால் மணித்தியாலம், எண்பது ரூபாய். அங்கிருந்து தோட்டம் ஏழு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் ஆயிரத்து இருநூறு கேட்டு ஆயிரத்துக்கு வந்தார். கடைசி இரண்டு கிலோமீட்டர் ரோடு என்று சொன்னால் ரோடு கோபித்துக்கொள்ளும்.

"மேல்கணக்கா கீழ்கணக்கா அண்ணே?" என்று பாதி வழியில் கேட்டார். கணக்கு என்றால் தோட்டத்தில் ஒரு பிரிவு. அம்மா படித்தது மேல்கணக்கில்.

"அங்க ஸ்கூலே இல்லியேண்ணே. மூடி எம்புட்டோ காலமாச்சு. கீழதான் இருக்கு."

குழப்பம் அங்கேயே ஆரம்பித்தது.

9.15க்குக் கீழ்கணக்குப் பாடசாலை. தகரக் கூரை, இரண்டு வகுப்பறை. பள்ளியை நடத்தும் அதிபர் டீச்சர் கதிரை போட்டு, தேத்தண்ணி தந்து, கதையைச் சொன்னார். அந்தக் காலத்தில் இரண்டு கணக்கிலும் ஒவ்வொரு பள்ளி, இரண்டுக்கும் ஒரே வாத்தியார். காலையில் மேலே, மத்தியானம் கீழே. மேல் பள்ளியை மூடிய பிறகு அதன் இடாப்பு மழையில் ஊறி, குப்பைக்குப் போய்விட்டது. கீழ்ப் பள்ளியின் இடாப்பு மட்டும் அலுமாரியில் பத்திரமாக இருக்கிறது.

எதற்கும் பார்ப்போம் என்று திறந்தோம். லெட்சுமி என்ற அம்மாவின் பெயரே இல்லை. ஆனால் ஒரு வரியில் என் தாத்தா இருந்தார்: தகப்பன் முத்தையா, மேல்கணக்கு, நாலாம் லயம். பிள்ளையின் பெயர் பவளம்.

அம்மா வீட்டுக்கு ஒரே பிள்ளை. அப்படியென்றால் இந்தப் பவளம் யார்? எனக்குத் தெரியாமல் செத்துப்போன சித்தியா? தாத்தாவுக்கு இன்னொரு குடும்பமா? நல்ல மனிதரைப் பற்றி ஐந்து நிமிடத்தில் என்னென்னவோ நினைத்துவிட்டேன். விளையாட்டு மைதானத்தின் மூலையில்தான் சிக்னல் கிடைக்கும் என்று டீச்சரும் கூட வந்தார். ஸ்பீக்கரில் போட்டு அம்மாவைக் கேட்டேன்.

"அது நாந்தான்டா."

"நீங்களா? நீங்க மேலதானே படிச்சீங்க?"

"கீழ பதினோரு புள்ளைங்கதான். ஆளு காணாட்டி மூடிருவாங்கன்னு வாத்தியாரு எங்களையும் அங்க எழுதிட்டாரு. ஒரே பேரு ரெண்டு எடத்துல இருந்தா மாட்டிக்குமில்ல? அதான் கீழ நான் பவளம். இன்ஸ்பெக்டரு மேல பாத்துட்டு ஜீப்புல சுத்தி வர்றதுக்குள்ள, நாங்க தேயிலைக்குள்ள குறுக்கால ஓடி கீழ உக்காந்துருவோம்."

"மூஞ்சி அடையாளம் தெரியாதா அவருக்கு?"

"அவருக்கு எங்க மூஞ்சியெல்லாம் ஒண்ணுதான்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. டீச்சர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டு பேரும் ஒரே ஆளுன்னு இடாப்புல குறிப்பு எழுதி, கடிதம் தர்றேன் சார். ஆனா ஏன் ரெண்டு பேருன்னு காரணமும் எழுதணும்."

"வேணாம் டீச்சர்," என்றார் அம்மா உடனே. "எழுதினா வாத்தியாரு கள்ள இடாப்பு எழுதுனாருன்னு ஆயிரும். செத்த மனுசன் வந்து பதில் சொல்ல முடியுமா? அந்தப் பதினோரு புள்ளைங்களும் எழுதப் படிக்கப் படிச்சிச்சுங்க."

"அப்ப தங்கச்சி?"

"மாமியார் இருக்காங்கல்ல, பாத்துக்குவாங்க." குரல் உடைந்தது. போன் நின்றது. டீச்சர் என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன் என்று திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தேன், பிடிபடவில்லை. அம்மா செய்தது சரியா, வீம்பா என்றும் தெரியவில்லை.

இதே வேலையாகப் போகிறவர்களுக்கு: பள்ளி நாளில், மத்தியானம் ஒன்றரைக்கு முன் போங்கள். ஆட்டோவை நிறுத்தி வையுங்கள், காத்திருக்க முன்னூறு ரூபாய் கேட்பார்கள். விட்டுவிட்டால் ஏழு கிலோமீட்டரும் நடைதான். இடாப்பில் பிள்ளையின் பெயரை மட்டும் தேடாமல் தகப்பன் பெயரையும் லயத்தையும் தேடுங்கள். வீட்டில் யாராவது போகாதே என்றால், காரணத்தைக் கேட்டு முடித்துவிட்டுப் பஸ் ஏறுங்கள்.

பள்ளிக் கடிதம் இல்லாமல் சான்றிதழுக்கு இரண்டு மூன்று மாதம் போகுமாம். பிள்ளை அதுவரை காத்திருக்காது. அன்று சாயங்காலம் தங்கச்சி போன் பண்ணினாள்.

"அம்மா பேரு கெடைச்சுதாண்ணே?"

"கெடைச்சுது" என்றேன். அதற்கு மேல் அவளுக்கு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.