ஒத்திகைக்கு வராத சாட்சி

புருசனையும் பெண்சாதியையும் பிரித்து வைத்து ஒரே கேள்வியைக் கேட்பவர்கள் எந்த நாட்டிலும் நன்மைக்குக் கேட்பதில்லை என்பது சிவாஜினியின் முடிவு. அதற்கு அவளிடம் ஆதாரமும் இருந்தது. படகில் வந்து இறங்கிய காலத்தில், அகதிக் கோரிக்கை விசாரணையில், ஊர் வீட்டு வாசலில் திரையாகத் தொங்கிய சீலை என்ன நிறம் என்று ஓர் அதிகாரி கேட்டார். அவள் பச்சை என்றாள். அடுத்த அறையில் அவள் கணவன் அருந்தவன் நீலம் என்றான். கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. அதற்கு வக்கீல் வேறு பல காரணங்களை விளக்கினார். சிவாஜினி சீலையைத் தவிர எதையும் ஏற்றுக்கொள்ளவில்லை. மேல்முறையீடு இன்னும் இழுபடுகிறது.

இருவரும் ஹோம்புஷ் என்ற புறநகரில் ஒரு சின்ன ஃபிளாட்டில் இருக்கிறார்கள். அவன் ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். அவள் தோசைக் கடைக் குசினியில் வெங்காயம் வெட்டுகிறாள். வெங்காயம் வெட்டுகிறவளின் கண்ணீரை யாரும் நம்புவதில்லை. அவளும் யாரையும் நம்புவதில்லை. கணக்கு நேர்.

பல வருடக் காத்திருப்புக்குப் பிறகு ஒரு பிள்ளை தங்கியது. கர்ப்பிணிகளைப் பார்க்கும் கிளினிக்குக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள். மிட்வைஃப் ஹெலன் சிரித்த முகத்தோடு அருந்தவனை வெளியே இருக்கச் சொல்லிக் கதவைச் சாத்தினாள். மேசைமேல் இருந்த தொலைபேசியிலிருந்து ஓர் இந்தியத் தமிழ்க் குரல் அவள் கேள்வியை மொழிபெயர்த்தது.

"வீட்ல பாதுகாப்பா இருக்கீங்களா? யாராவது பயமுறுத்துறாங்களா? எல்லாக் கர்ப்பிணிகளையும் தனியாத்தான் கேக்கறோம்."

எல்லாரையும் கேட்பதாகத்தான் அந்த அதிகாரியும் சொல்லியிருந்தார்.

"நீங்கள் எந்த ஊர், பிள்ளை?" என்று சிவாஜினி தொலைபேசிக் குரலையே திருப்பி விசாரித்தாள்.

"அதெல்லாம் சொல்லக்கூடாதுங்க."

ஊர் இல்லை, பேர் இல்லை. தமிழ் மட்டும் இருக்கிறது. சந்தேகப்பட இதைவிட என்ன வேண்டும்?

ரயிலில் அருந்தவன் மெதுவாகக் கேட்டான். "என்னவாம்?"

"வீட்டில பயமில்லாமல் இருக்கிறனோவாம். அடுத்த முறை உங்களைக் கேப்பினம். இந்த முறையாவது பச்சையெண்டு சொல்லுங்கோ."

"சீலை நீலம்தானப்பா."

"பச்சை!"

அன்று முதல் ரயிலில் ஒத்திகை தொடங்கியது. சமையல் இருவரும். சண்டை இல்லை. நல்ல நித்திரை. எல்லாம் சுகம். எதற்குப் பின் எதைச் சொல்வது என்பதுகூட முடிவானது. ஒன்றை மட்டும் அருந்தவன் இழுத்தான். மாதங்கள் ஏற ஏற அவளுடைய கால் வீங்கிச் செருப்புக்குள் போகவில்லை, தலையிடி விடவில்லை, கண்ணுக்குள் மின்மினி பறந்தது.

"தலையிடியையாவது சொல்லுவம்."

"வருத்தக்காரரை எந்த நாடு வச்சிருக்கும்? பிள்ளையோட சேத்து அனுப்பிப்போடுவினம். உங்களுக்குச் சீலை நிறமே ஞாபகமில்லை, நீங்கள் எனக்குப் புத்தி சொல்லுறியள்."

ஆக, பிள்ளைக்காகக் கிளினிக்குக்குப் போனவர்கள், பிள்ளைக்காகவே கிளினிக்கிடம் எல்லாவற்றையும் மறைத்தார்கள். ஒரு தவணையைக்கூடத் தவறவிடவில்லை. போகாவிட்டால் சந்தேகப்படுவார்கள் அல்லவா?

ஏழாம் மாதம் ஹெலன், வெளியே கதிரையில் இருந்த அருந்தவனிடம், மனைவி எப்படி இருக்கிறாள் என்று சும்மா கேட்டாள். அவன் ஒரு சொல் பிசகாமல் ஒப்புவித்தான். உள்ளே வந்து அதையே சிவாஜினியிடம் கேட்டாள். சமையல் இருவரும், சண்டை இல்லை, நல்ல நித்திரை, எல்லாம் சுகம். ஹெலனின் சிரிப்பு வற்றியது. புருசன் சொன்ன சொல்லை அப்படியே சொல்லும் பெண்ணைக் கண்டால் கவனி என்பது அவள் படித்த பாடம். ஆகவே உண்மையாகவே சண்டையில்லாத ஒரு வீட்டின் மேல், அன்றைக்கு முதன்முதலாகச் சந்தேகம் விழுந்தது.

அவள் சிவாஜினியின் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றினாள். எண்ணைப் பார்த்தாள். மறுபடி சுற்றினாள். அந்தக் கருவியை யாரும் ஒத்திகைக்குக் கூப்பிட்டிருக்கவில்லை.

"ரொம்ப அதிகமா இருக்கு," என்றது தொலைபேசி. "தலைவலி இருக்கா?"

"இல்லை. எல்லாம் சுகம்."

"இப்படியே விட்டா உங்க உயிருக்கும் குழந்தை உயிருக்கும் ஆபத்து. வெளிய இருக்கறவர் சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்காரா? அடிக்கறாரா?"

சிவாஜினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவரோ? கரப்பான் பூச்சிக்கே கதிரையில ஏறுற ஆள்!"

மொழிபெயர்ப்பு போய்ச் சேர்ந்தும் ஹெலன் சிரிக்கவில்லை. அப்போதுதான் சிவாஜினிக்கு விளங்கியது: ஒன்று அருந்தவன் பெண்சாதியை அடிக்கிறவன், அல்லது இருவரும் பொய்யர்கள். மூன்றாவது வழி இல்லை. பொய்யராக இருப்பது அவர்களுக்குப் பழக்கமான குற்றச்சாட்டு.

"உங்களுக்கு யாரைப் பார்த்தாவது பயமா இருக்கா?"

"ஓம்," என்றாள் சிவாஜினி. "உங்களைப் பாத்துத்தான்."

பிறகு எல்லாம் வெளியே வந்தது: தலையிடி, மின்மினி, ரயில் ஒத்திகை, வாசல் சீலை. சீலை வந்தபோது மொழிபெயர்ப்புக் குரல் ஒரு கணம் தடுமாறி, "கர்ட்டனா?" என்று உறுதிப்படுத்திக்கொண்டது. அன்றைக்கே அவளை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். வெளியே அருந்தவனிடம் விசாரிக்க ஒரு சமூகசேவகி வந்தாள். உள்ளே எல்லாம் வெளிவந்துவிட்டது என்று அவனுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. அவன் விசுவாசமாக, "சமையல் இருவரும்," என்று ஆரம்பித்தான்.

பிள்ளை காலத்துக்கு முன்பே, இரண்டு கைக்குள் அடங்கும் அளவில் பிறந்தாள். கண்ணாடிப் பெட்டியில் சில கிழமைகள் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் இரண்டு பேருமே இல்லை என்று டாக்டர் சொன்னதைச் சிவாஜினி நம்பினாள். அவள் நம்பியவற்றில் அது அபூர்வம்.

பிள்ளையின் நிறை பார்க்கத் தாதி வீட்டுக்கு வந்த அன்று, மணி அடித்ததும் அருந்தவன் யாரும் சொல்லாமலே செருப்பைப் போட்டுக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினான். தாதி கண்ணாடி வழியாக அவனையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்தப் பார்வையைச் சிவாஜினி அறிவாள்.

"உள்ளுக்க வாங்கோ!" என்று அவள் கத்தினாள். "இவ இன்னும் ஒண்டும் கேக்கேல்ல!"